எஃபெக்ட்ஸ் பெடல்கள்: எது என்ன செய்கிறது, எதற்குப் பின் எது

மின் கிதாரின் பிக்கப்பிலிருந்து புறப்படும் சிக்னல் மிகச் சிறியது. தந்தியை ஓங்கித் தட்டிய அந்த நொடியைத் தவிர, பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அது ஆம்ப்ளிஃபயரையோ மிக்ஸரையோ அடைவதற்குள் வழியில் மறித்து, மாற்றி, மேலே அனுப்பும் பெட்டிகளே எஃபெக்ட்ஸ் பெடல்கள். தனித்தனிப் பெட்டிகளாக வாங்கித் தரையில் அடுக்கினாலும், எல்லாம் ஒன்றாக அடங்கிய ப்ராசஸரை வாங்கினாலும், உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். வரிசைக்கான விதிகளும் அவையேதான்.

வரிசை ஏன் முக்கியம் என்பதைத் திருப்பூர்ப் பக்கத்து வாசகருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. துணிக்குச் சாயமேற்றிவிட்டுப் பிரிண்ட் அடிப்பதும், பிரிண்ட் அடித்த துணியைச் சாயத் தொட்டியில் இறக்குவதும் ஒன்றல்ல. பெடலும் அப்படித்தான்: தனக்கு முன்னால் இருப்பது எதைக் கொடுக்கிறதோ அதன்மேல்தான் வேலை செய்யும், கிதார் முதலில் கொடுத்தது அதற்குத் தெரியாது.

பெடல்களை இரண்டு குணமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பத்தில் முக்கால்வாசி தீரும். ஒரு வகை, அலையின் வடிவத்தையே உடைத்து, மூலத்தில் இல்லாத புதிய ஒலிகளைப் பிறப்பிப்பது: ஃபஸ், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன். மற்ற வகை, இருக்கும் ஒலியில் சிலவற்றைக் கூட்டும், குறைக்கும், அல்லது நகலெடுத்துத் தாமதமாகத் திருப்பித் தரும்: ஈக்வலைசர், டிலே, ரிவெர்ப். இந்த இரண்டாம் வகைப் பெடல்கள் இரண்டை இடம் மாற்றினால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாம் வகையில் ஒன்றை முதல் வகைக்கு முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தினால் பாட்டே மாறிவிடும். ஆகவே வரிசை பற்றிய கேள்வி பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்தப் பெடல் டிரைவுக்கு முன்னா, பின்னா?

டிரைவ் குடும்பம்

இதன் தொடக்கம் ஒரு பழுதில் இருக்கிறது. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளியான ‘டோன்ட் வொர்ரி’ பாடலின் ஒலிப்பதிவின்போது, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மிக்ஸரின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் கரகரவென்று பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பொறியாளர் க்ளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பைச் சிறு சர்க்யூட்டாக வடித்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ வெளியான பிறகே அது உலகெங்கும் பரவியது.

மூன்று வகைக்கும் வித்தியாசம், அலையின் தலை எவ்வளவு கடுமையாக வெட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஓவர்டிரைவ் தலையை மெல்ல வழித்துவிடும். மெதுவாக வாசித்தால் கிளீனாகவும் ஓங்கி வாசித்தால் கரகரப்பாகவும் கேட்கும். டிஸ்டார்ஷன் தலையைச் சட்டென்று வெட்டும். ஃபஸ், அலையை ஏறக்குறைய சதுரமாக்கிவிடும். 1970-களின் இறுதியில் வந்த இபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமரும், 1978-இல் வந்த பாஸ் டி.எஸ்.-1-உம் முதலிரு வகைகளுக்கு இன்றும் அளவுகோலாக நிற்கின்றன.

ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து நடு ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது மூக்கடைத்த ஒலியாகத் தோன்றும். புதிதாக வாங்கியவர் ஏமாற்றம் அடைவதும் உண்டு. ஆனால் மெல்லிசை மேடையில் பேஸ் கிதாரும் கீபோர்டின் இடக்கையும் தவிலோ ட்ரம் பேடோ தரும் அடியும் கீழ்ப்பகுதி முழுவதையும் நிரப்பியிருக்கும். அங்கே கிதாருக்கு மிச்சமிருக்கும் இடம் நடுப்பகுதிதான். எனவே மேடைக்காரருக்கு முதல் டிரைவ் பெடலாக இந்த வகையே பொருத்தம். வீட்டில் இனிக்கும் கனத்த டிஸ்டார்ஷன் மேடையில் காணாமல் போய்விடும்.

டிரைவ் போட்டதும் கார்டுகள் சேறாகக் குழம்புவது ஏன் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெட்டப்பட்ட அலையில், ஒன்றாக ஒலிக்கும் இரண்டு சுரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் புதிய ஒலியாகப் பிறக்கிறது. 110 ஹெர்ட்ஸ் ஷட்ஜமும் 165 ஹெர்ட்ஸ் பஞ்சமமும் சேர்ந்தால் வித்தியாசம் 55 ஹெர்ட்ஸ். அது அதே ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயி, பொருந்தி நிற்கும். பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கிதாரின் ஃப்ரெட்டில் அது சுமார் 138.6 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 28.6. இது இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜமான 27.5-க்கு அருகில் வந்தும் ஒட்டாமல் உறுமும். அதனால்தான் ராக் வாசிப்பவர்கள் ச-ப இரண்டை மட்டும் வைத்துப் பவர் கார்டு பிடிக்கிறார்கள். ‘வாரணம் ஆயிரம்’ படத்தின் (2008) ‘அடியே கொல்லுதே’ போன்ற பாடலுக்கு டிரைவைக் கூட்டிப் பவர் கார்டு வாசிக்கலாம். முழுக் கார்டு தேவைப்படும் இடத்தில் டிரைவைப் பாதிக்குக் கீழே இறக்கியாக வேண்டும்.

ஒற்றைச் சுரமாக வாசிக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. ராகத்தை டிஸ்டார்ஷனுடன் வாசிக்க முடியுமா என்ற தயக்கத்துக்குக் கிதார் பிரசன்னாவின் 2006 ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ போதுமான பதில்.

கம்ப்ரஸரும் வா-வாவும்

கம்ப்ரஸர் ஓங்கிய அடியை அடக்கி, ஓய்ந்துவரும் ஒலியை உயர்த்தும். அதாவது சுரத்தின் ஆயுளை நீட்டும். கர்நாடக இசைக்கு இது சிறிய விஷயமல்ல: ஒரு முறை மீட்டிவிட்டுத் தந்தியை இழுத்துக் கமகம் முடியும்வரை ஒலி தாங்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் நான்கு ஜோடி கொண்ட வழக்கமான மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்குப் போனது கமகத்துக்கு இடம் வேண்டித்தான். மின் கிதாரில் கிளீன் டோனில் ராகம் வாசிப்பவருக்குக் கம்ப்ரஸரே முதல் பெடல், டிரைவ் பிறகு.

கம்ப்ரஸரின் இடம் டிரைவுக்கு முன். டிரைவ் தானே அலையின் தலையை வெட்டிச் சமப்படுத்திவிடுவதால், அதற்குப் பின்னால் கம்ப்ரஸர் வைத்தால் ஹம்மை உயர்த்துவதைத் தவிர அதற்குப் பெரிதாக வேலை இருக்காது. முன்னால் வைத்தாலும் அளவு மிஞ்சக் கூடாது. சுரங்களுக்கு இடையிலான மௌனத்தில் இரைச்சல் மேலெழுவது, கம்ப்ரஸர் அதிகம் என்பதன் அடையாளம்.

வா-வா, 1966-இல் வாக்ஸ் கருவிகளைத் தயாரித்த தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் ப்ளங்கெட் உருவாக்கியது. காலால் அசைக்கும்போது ஒரு குறுகிய அலைப்பகுதி மட்டும் உயர்ந்து, அந்த உயர்ச்சி மேலும் கீழுமாக நகரும். டிரைவுக்கு முன்னால் வைத்தால் மனிதக் குரல் பேசுவதுபோல் அடக்கமாக இருக்கும். பின்னால் வைத்தால் சிந்தசைசர்போல் விரிந்து கூர்மையாகும். பெரும்பாலானோர் முன்னால்தான் வைக்கிறார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் வரிசையும் வா, ஃபஸ், யூனி-வைப் என்றுதான் இருந்தது.

ஃபஸ் பெடலுக்கு ஒரு தனி விதி. ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வடிவமைப்புகளின் உள்வாயில் தடை மிகக் குறைவு. பிக்கப் நேரடியாகத் தொட்டால்தான் அவை ஒழுங்காக நடந்துகொள்ளும். இடையில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சர்க்யூட்) கொண்ட ட்யூனரையோ கம்ப்ரஸரையோ வைத்தால் ஒலி வறண்டுவிடும்; கிதாரின் வால்யூமைக் குறைத்துக் கிளீன் ஆக்கும் வசதியும் போய்விடும். ஃபஸ் வைத்திருப்பவர் அதை எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பதே நல்லது.

கோரஸ், ஃபேஸர், ட்ரெமலோ

கோரஸ், சிக்னலின் நகலைச் சில மில்லி வினாடிகள் தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்ல அலைக்கழித்து மூலத்துடன் கலக்கும். ரோலண்ட் நிறுவனம் 1975-இல் தன் ஜே.சி.-120 ஆம்ப்ளிஃபயரில் வைத்த சர்க்யூட்டை, 1976-இல் பாஸ் சி.இ.-1 என்று தனிப் பெடலாக்கியது. அன்றைய கோரஸ் பெடல்கள் மின்னேற்றத்தை ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக்கொண்டே போய்த் தாமதத்தை உண்டாக்கும் பக்கெட் பிரிகேட் சில்லுகளில் இயங்கின. இன்று பல டிஜிட்டலாகிவிட்டன.

கோரஸ் டிரைவுக்குப் பின். ‘மூடுபனி’ படத்தின் (1980) ‘என் இனிய பொன் நிலாவே’, ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் (1982) ‘இளைய நிலா பொழிகிறதே’ என்று, கிதாரிலேயே தொடங்கும் பாடல்களை எந்த மெல்லிசைக் குழுவிடமும் கேட்பார்கள். அக்கூஸ்டிக் கிதார் இல்லாமல் மின் கிதாரிலேயே இவற்றைச் சமாளிக்கும்போது, டிரைவை அணைத்து, லேசான கம்ப்ரஸருடன் கோரஸைக் குறைந்த ஆழத்தில் வைத்தால் விரல் மீட்டல் தெளிவாக நிற்கும். ஆழத்தைக் கூட்டினால் சுருதி தள்ளாடத் தொடங்கும். கமகம் வரும் இடத்தில் கோரஸை அணைத்துவிடுவதே முறை.

ஃபேஸருக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாம். எடி வான் ஹேலன், எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 பெடலை ஆம்பின் டிரைவுக்கு முன்னால் வைத்தே தன் ஒலியைப் பெற்றார். ட்ரெமலோ, ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது; டிரைவுக்கு முன்னால் இருந்தால் அது ஒலியளவுக்குப் பதில் கரகரப்பைத்தான் கூட்டிக் குறைக்கும். ஆகவே பின்னால்.

டிலேயும் ரிவெர்பும்

டிலேயை டிரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் புதுச் சுரமும் ஒன்றாக வெட்டுப்பட்டுக் குழம்பும். பின்னால் வைத்தால் கரகரப்பான சுரம் சுத்தமாகத் திரும்ப ஒலிக்கும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

டிலேயின் நேரத்தைக் காதால் தேடுவதைவிடக் கணக்கால் பிடிப்பது சுலபம். 60,000-ஐப் பாட்டின் வேகத்தால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால், வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லி வினாடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 500. சதுஸ்ர நடையில் அடியில் பாதி 250; கால் 125; முக்கால் 375. முக்கால் அடி டிலேதான், எளிமையாக வாசித்ததையும் பின்னல்போல் கேட்க வைப்பது. திஸ்ர நடைப் பாடலில் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது: 500-ஐ மூன்றால் வகுத்து 167, அல்லது அதன் இருமடங்கான 333 வைக்க வேண்டும். திரைப்பாடல்களில் திஸ்ரம் ஏராளம் என்பதால், சதுஸ்ரத்துக்கு வைத்த டிலேயை மாற்றாமல் அடுத்த பாடலுக்குப் போவது மேடையில் அடிக்கடி நடக்கும் தவறு. தபலாக்காரர் திரும்பிப் பார்ப்பார். டாப் டெம்போ பித்தான் உள்ள பெடலில் காலாலேயே தாளம் போட்டு இதைச் சரிசெய்துவிடலாம்.

ரிவெர்ப் கடைசியில். ஆனால் எவ்வளவு என்பதைப் பெடலைவிட இடமே தீர்மானிக்கிறது. பூச்சாட்டுப் பொங்கலுக்குக் கோயில் முன் போடும் மேடையில், எதிரே 35 மீட்டர் தூரத்தில் ஒரு மில் சுவர் இருந்தால், ஒலி போய்த் திரும்ப 70 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். ஆக 200 மில்லி வினாடியில் ஒரு டிலே காசில்லாமல் வந்து சேரும். கிரானைட் தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட கல்யாண மண்டபத்தில் கட்டடமே ரிவெர்ப் பெட்டி. அங்கே ரிவெர்ப் பெடலை அணைத்து வைப்பவர்தான் தெளிவாகக் கேட்கப்படுவார். ரிவெர்ப் உண்மையில் உதவுவது திறந்த மைதானத்திலும், காதில் மானிட்டர் வைத்து வாசிக்கும்போதும்தான்.

முழு வரிசை

மேலே சொன்னவற்றைச் சேர்த்தால் வரிசை இப்படி அமையும்: கிதார், ஃபஸ் இருந்தால் ஃபஸ், ட்யூனர், வா-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன், நாய்ஸ் கேட், ஈக்வலைசர், கோரஸ் அல்லது ஃபேஸர், வால்யூம் பெடல், டிலே, ரிவெர்ப். நாய்ஸ் கேட் டிரைவின் இரைச்சலை வெட்டுவதற்கானது. அதை டிலேக்குப் பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலையும் சேர்த்து வெட்டிவிடும். வால்யூம் பெடல் டிரைவுக்கு முன்னால் இருந்தால் கரகரப்பின் அளவை மாற்றும். பின்னால் இருந்தால் ஒலியளவை மட்டும் மாற்றும். டிலேக்கு முன்னால் இருப்பதால், காலை எடுத்த பிறகும் கடைசிச் சுரத்தின் எதிரொலி இயல்பாகத் தேய்ந்து முடியும்.

இரண்டு ஓவர்டிரைவ் வைத்திருப்பவர், குறைந்த டிரைவ் உள்ளதை முன்னாலும் அதிகம் உள்ளதைப் பின்னாலும் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னது பின்னதைத் தள்ளிவிட, லீடுக்குக் கனம் கிடைக்கும். ஆனால் ஒலியளவு அவ்வளவாகக் கூடாது. லீட் மேலே கேட்க வேண்டுமானால் கூட்ட வேண்டியது டிரைவுக்குப் பின்னால் இருக்கும் ஈக்வலைசரின் லெவலை. 3 முதல் 6 டெசிபெல் போதும்.

ப்ராசஸரிலும் இதே வரிசையைத் திரையில் நகர்த்தி அமைக்கலாம். தொழிற்சாலையிலிருந்து நிரப்பி வரும் நூறு பேட்சுகளில் பெரும்பாலானவை கடையில் வாங்குபவரைக் கவரச் செய்தவை. டிலேயும் ரிவெர்பும் மிதமிஞ்சி இருக்கும். கிளீன், ரிதம், லீட் என்று மூன்றைத் தாமே அமைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, அடுத்தடுத்த பித்தான்களில் வைப்பவருக்கு ஒரு முழுக் கச்சேரியும் ஓடிவிடும். இந்த அமைப்பை இரவில் வீட்டில் மெல்லிய ஒலியில் செய்யக் கூடாது. குறைந்த ஒலியில் காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே உணரும். அதை ஈடுகட்ட வைத்த பேஸ், மேடை அளவுக்கு ஒலி ஏறும்போது இடியாக வரும்.

ஆம்ப் இல்லாத மேடை

பெடல் பற்றிய வெளிநாட்டு நூல்கள் எல்லாம் பெடல் வரிசையின் முடிவில் ஒரு கிதார் ஆம்ப் இருப்பதாகவே எழுதப்படுகின்றன. திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்து மேடைகளில் பெரும்பாலும் அது இருக்காது. சவுண்ட் சர்வீஸ்காரர் நீட்டும் கேபிள் நேராக மிக்ஸருக்குப் போகும். இதனால் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, கிதார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாக இழந்துவிடும். டிரைவின் கூர்மையை மழுக்குவது அந்த இழப்புதான். மேடையின் பெரிய ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் இருப்பதால் டிரைவின் கரகரப்பு முழுவதும் வெளியே வந்து காதைக் கீறும். வரிசையின் பின்பகுதியில், கிதார் ஸ்பீக்கரின் அந்த இழப்பைப் போலிசெய்யும் கேபினெட் சிமுலேட்டர் இருந்தாக வேண்டும். ப்ராசஸர்களில் இது உள்ளேயே இருக்கிறது. பல நேரம் அணைந்தே கிடக்கும். கேபினெட் சிமுலேட்டர் இரண்டாம் வகைப் பெடல் என்பதால் டிலேக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் ஒன்றே. டிரைவுக்குப் பின்னால் இருந்தால் சரி. அது கையில் இல்லாதவர், மிக்ஸரில் கிதார் சேனலின் ட்ரெபிளை நன்றாகக் குறைக்கச் சொல்லிச் சமாளிக்கலாம். தீர்வு ஆகாது, ஆனால் அன்றைய கச்சேரி தப்பும்.

இரண்டாவது, மேடையிலிருந்து மிக்ஸர்வரை 30 மீட்டர் கேபிள் ஓடும். கிதார் கேபிளின் சிக்னல் அவ்வளவு தூரம் இரைச்சல் வாங்காமல் போகாது. டி.ஐ. பாக்ஸ் அதை மைக் கேபிளுக்கு ஏற்ற சமநிலைச் சிக்னலாக மாற்றும். சவுண்ட் சர்வீஸிடம் இருக்கும் என்று நம்பாமல் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீரியோ இணைப்பில் நேரம் செலவிட வேண்டாம். மேடை ஒலி பெரும்பாலும் மோனோவில்தான் ஓடுகிறது.

கேபிள் நீளம்

கிதார் கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்திறன் கொண்டது. பிக்கப் சுருளோடு இது சேர்ந்து ஒரு வடிகட்டியாகிறது. 2.5 ஹென்றி உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் 6 மீட்டர் கேபிளுடன் ஒலி 3,800 ஹெர்ட்ஸ் வாக்கில் மினுக்கும். பெடல்கள் எல்லாம் ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்தால் சிக்னலைத் தொடாமல் நேரே கடத்துபவை, என்றால், அணைந்திருக்கும்போது அவற்றுக்குப் பின்னுள்ள கேபிளும் கணக்கில் சேரும். மொத்தம் 13 மீட்டர் ஆகிவிட்டால் அந்த மினுக்கம் 2,700-க்கு இறங்கி, ஒலி போர்வைக்குள் போய்விடும். வரிசையில் எங்காவது முன்பகுதியில் பஃபர் கொண்ட ஒரு பெடல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாமே ட்ரூ பைபாஸ் ஆக இருக்க வேண்டும் என்ற ஆசை ஓரளவு விளம்பரத்தால் வந்தது.

கரண்ட்

மேடையில் கிதாரிலிருந்து வரும் இரைச்சலுக்குப் பெடலைப் பழிப்பது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம்தான். மூன்றாவது டிரைவ் பெடலுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல பவர் சப்ளை வாங்குவது புத்திசாலித்தனம்.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டி.சி.யில் ஓடும், ஜாக்கின் நடு முனை நெகட்டிவ். கடைகளில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்கள் பலவற்றில் நடு முனை பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் போய்விடலாம். வோல்ட்டை மிஞ்சக் கூடாது. 18 வோல்ட் அடாப்டரை 9 வோல்ட் டிஜிட்டல் பெடலில் செருகினால் அத்தோடு முடிந்தது. மில்லி ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், ஏனெனில் பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உதாரணமாக ட்யூனர் 30, கம்ப்ரஸர் 10, ஓவர்டிரைவ் 10, கோரஸ் 20, டிலே 65, ரிவெர்ப் 100 என்று பெடல்களின் அடியில் எழுதியிருந்தால் மொத்தம் 235 மில்லி ஆம்பியர். 500 கொடுக்கும் அடாப்டர் அளவில் போதும்.

அளவில் போதும் என்றாலும் அமைதி கிடைக்காது. ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி வயரில் எல்லாப் பெடலுக்கும் கொடுக்கும்போது, டிஜிட்டல் பெடலின் உள் கடிகாரச் சத்தம் அதே வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் நுழைந்து மெல்லிய விசிலாகப் பெருகும். குறைந்தபட்சம் டிஜிட்டல் பெடல்களை வேறு அடாப்டரில் பிரிக்க வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு வெளிவாயும் தனித்துப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் பவர் சப்ளை.

பின்னலாடை வட்டாரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நிட்டிங் இயந்திரங்களும் சாய இயந்திரங்களும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் டிரைவ்களில் ஓடுகின்றன. தையல் இயந்திரங்களில் சர்வோ மோட்டார்கள். இவை லைனில் கூர்மையான இரைச்சலை விடும்; காற்றிலும் பரப்பும். கம்பெனிக்கு மாடியில் ஒத்திகை அறை இருந்தால், சிங்கிள் காயில் கிதார் அதை ரேடியோபோல் பிடித்துக் கொடுக்கும். கீழே ஷிப்டு முடிந்ததும் சத்தம் நின்றால் காரணம் உறுதி. கிதாரைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்து குறைகிறதா என்று பார்க்கலாம். ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிதார் இதில் பெருமளவு தப்பும். மேடையில் எல்.இ.டி. விளக்குகளும் டிம்மர்களும் இதே வேலையைச் செய்யும். விளக்குக்கு ஒரு லைன், ஒலிக்கும் கருவிகளுக்கும் வேறொரு லைன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எர்த் விஷயத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. மிக்ஸர் ஈ.பி. லைனிலும் பெடல் போர்டு ஜெனரேட்டரிலும் இருந்தால் இரண்டின் எர்த்துக்கும் இடையே வித்தியாசம் இருக்கலாம். கிதார்த் தந்தியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது அந்த வித்தியாசம் உடல் வழியாக ஓடும். மைக்கைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துத் தந்திக்கும் மைக்கின் உலோகத் தலைக்கும் இடையே பார்ப்பது அரை நிமிட வேலை. பத்துக்கணக்கில் வோல்ட் காட்டினாலோ, கை சுள்ளென்று உணர்ந்தாலோ, எலெக்ட்ரீசியன் சரிசெய்யும்வரை வாசிக்கக் கூடாது. ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து. டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சு அதே ஹம்மைச் சிக்னல் வயரில் மட்டும் பிரித்துத் தீர்க்கும்.

போர்டு

பெடல்களை ஒட்ட 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகையே போதும். வெல்க்ரோவுக்கு இசைக்கருவிக் கடையைத் தேட வேண்டியதில்லை. பனியன் அக்சஸரீஸ் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சொரசொரப்பான பக்கம் பஞ்சைப் பிடித்துக்கொண்டு பிடிப்பை இழக்கும் என்பதால், அதை அடிக்கடி கழற்றித் துடைக்கக்கூடிய பெடல்களின் அடியிலும், மென்மையான பக்கத்தைப் பலகையிலும் ஒட்டுவது நம் ஊருக்கு ஏற்றது. பஞ்சுத் தூசி ஜாக்குகளுக்குள்ளும் குமிழ்களுக்குள்ளும் போய்க் கரகரப்பை உண்டாக்கும். மூடிய பெட்டி வேண்டும், குறைந்தது ஒரு துணி மூடி. பவர் வயர்களைப் பலகையின் ஒரு ஓரத்திலும் சிக்னல் வயர்களை மறு ஓரத்திலும் ஓட்டி, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட வேண்டும். அடிக்கடி மிதிக்கும் பெடல்கள் முன் வரிசையில் இருக்கட்டும். சிக்னல் வரிசையும் தரையில் இருக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழுது தேடுதல்

ஒலி நின்றுபோனால் முதலில் கிதாரை நேராக டி.ஐ. பாக்ஸில் செருக வேண்டும். ஒலி வந்தால் பழுது போர்டில். பிறகு பெடல் வரிசையை நடுவில் பிரித்து, முன்பாதியை மட்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். ஒலி வந்தால் பழுது பின்பாதியில். மீண்டும் அந்தப் பாதியை நடுவில் பிரித்தால், எட்டுப் பெடலானாலும் மூன்று சோதனையில் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் பெடல் நன்றாகவே இருக்கும். போயிருப்பது ஒரு சிறிய பேட்ச் கேபிள். பையில் இரண்டு உபரியாக இருப்பது அவசியம். ஹம்மைத் தேடும் முறையும் இதுவே. கிதாரின் வால்யூமைக் குறைத்ததும் ஹம் நின்றால் அது பிக்கப் பிடிப்பது. நிற்காவிட்டால் பவர் அல்லது எர்த்.

பேட்டரியில் ஓடும் பெடல்களில் உள்வாய் ஜாக்தான் சுவிட்சு. கேபிள் செருகியிருக்கும்வரை, விளக்கு எரியாவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கச்சேரி முடிந்து போர்டை மூடும் முன் அந்தக் கேபிள்களைக் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் பயன்படாத பெடலில் பேட்டரியையே எடுத்துவிட வேண்டும், கசிந்தால் சர்க்யூட் போர்டை அரிக்கும்.